பல்லி படுத்துப் பார்த்த இடம்

பீரோ சிக்கிக்கொண்ட அன்றைக்குத்தான் பல்லி பிறந்தாள்.

பீரோ என்பவன் வீடுகளுக்கும் கடைகளுக்கும் கண்காணிப்புக் கேமரா மாட்டிக்கொடுக்கிறவன். இரட்டைக் கதவு இரும்பு பீரோவுக்குச் சட்டை போட்டுவிட்டது போன்ற உடம்பு. அதனால் தொழிலில் எல்லோருக்கும் அவன் பீரோ. ஒருநாள் ஒரு பழைய வீட்டில் ஒயர் இழுக்கப் பரணில் ஏறியவன், உத்தரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே தோள்வரை நுழைந்தான். அதற்குப் பிறகு முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. கீழே நின்ற வீட்டுக்காரர் பதறிப்போய், அவன் சட்டைப்பையிலிருந்து விழுந்த கைபேசியை எடுத்து அவன் மனைவியைக் கூப்பிட்டார். தீயணைப்பு வண்டிக்குச் சொல்லட்டுமா, உங்களுக்குச் சொன்னால் போதுமா என்று கேட்டாராம்.

அவள் வந்தாள். ஏணியில் ஏறினாள். கணவனின் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அந்த வீட்டுச் சமையலறையிலிருந்து எண்ணெய் வாங்கிக் கை எட்டிய மட்டும் தடவினாள். இடையிடையே திட்டினாள். ஒருவழியாக அவன் வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும், "இன்னும் என்ன வேல பாக்கி?" என்று கேட்டாள். ஒயர் நுனியைத் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஓட்டையில் விட வேண்டும் என்றான். அவள் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவனை விழுங்கிய அதே இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து, சுவரோடு சுவராக ஊர்ந்து, அந்தப் பக்கம் போய், "விட்டாச்சு" என்றாள்.

பல்லி மாதிரிப் போறாங்களே என்று வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் ஒட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை இப்படித்தான் பிரிந்தது. பீரோ பேசுவான், பேரம் முடிப்பான், திரைக்கு முன்னால் உட்கார்ந்து படம் சரியாக வருகிறதா என்று பார்ப்பான். பல்லி ஏறுவாள், நுழைவாள், தொங்குவாள், துளை போடுவாள், முடுக்குவாள். அவளுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவன் பீரோதான். அவள் தன்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்பதையும் அவன் யாரிடமும் மறைத்ததில்லை. நம்பாதவர்கள் வீட்டுக்காரர்கள்தான். ஏணி உச்சியில் அவள் வாயில் ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு வேலை செய்வாள். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பீரோவிடம், உங்க ஹெல்பர் நல்லா ஏறுறாங்களே என்பார்கள். ஹெல்பர் நான்தாங்க என்பான் பீரோ. அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவன் சிரிப்புக்காகச் சொன்னதில்லை. சுவரில் பல்லி கத்தினால் நின்று நிதானித்துப் பலன் பார்க்கிற மனிதர்கள், இந்தப் பல்லி வாயைத் திறந்து ஒரு காரியம் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அவர்கள் இருவருக்கும் இடையே ஒரு கூப்பாடு உண்டு. கேமராவைச் சுவரில் வைத்து, ஸ்க்ரூவை முழுக்க முடுக்காமல் பிடித்துக்கொண்டு அவள் "தெரியுதா?" என்று கத்துவாள். அவன் திரையைப் பார்த்து, தேவையான இடம் உள்ளே வந்துவிட்டால் "தெரியுது" என்பான். அந்தச் சொல் காதில் விழுந்த நொடியில் அவள் முடுக்கிவிடுவாள். முடுக்கிய பிறகு பேச்சில்லை. இது பழகிப் பழகி வீட்டிலும் வந்துவிட்டது. அவள் சமையலறையிலிருந்து தெரியுதா என்றால், சோறு வைத்த இடம் தெரிகிறதா என்று அர்த்தம். அவன் தெரியுது என்றால், சாப்பிட வந்துவிட்டான் என்று அர்த்தம்.

அவளுக்கென்று இன்னொரு பழக்கமும் உண்டு. அதுதான் இந்தக் கதைக்கு வேண்டியது.

கேமராக்கள் பார்ப்பதையெல்லாம் வாங்கிப் பதிந்து வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. டிவிஆர் என்பார்கள். தடித்த புத்தகம் ஒன்றின் அளவுதான். விவரம் தெரிந்த திருடன் வீட்டுக்குள் வந்தால் முதலில் இதைத்தான் தூக்குவான். ஆகவே வீட்டுக்காரர்கள் அதை ஒளித்துவைக்கச் சொல்வார்கள்: பரணில், அலமாரியின் அடித்தட்டில், பொய்க்கூரைக்கு மேலே. மனிதர் கை போகாத இடமாகப் பார்த்துக் காட்டுவார்கள். ஆனால் பெட்டி இரவும் பகலும் ஓடுகிறது, சூடாகிறது. காற்றில்லாத இடத்தில் வைத்தால் கொஞ்ச நாளில் அவிந்துபோகும். அதனால் பல்லி, பெட்டி வைக்கிற இடுக்குக்குள் முதலில் தான் போய்ப் படுப்பாள். பெட்டி வரப்போகும் இடத்தில் தலையை வைத்துக்கொண்டு பீரோவைக் கதவைச் சாத்தச் சொல்வாள். தனக்கு மூச்சு முட்டினால் அந்த இடம் வேண்டாம். வேர்க்காமல் கிடக்க முடிந்தால் சரி. தூங்கிடாத என்று பீரோ வெளியிலிருந்து கேலி செய்வான். ஒன்றிரண்டு வீடுகளில் தூங்கியும் இருக்கிறாள்.

*

அந்தத் தெருவில் வீடுகள் நெரிசல் பேருந்தில் நிற்கிறவர்களைப் போலத் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அவர்கள் போன வீடு முன்பக்கம் குறுகல், உள்ளே நீளம், மேலே உயரம். வீட்டம்மாவின் கணவர் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகனுக்குக் கடல் கடந்த ஊரில் வேலை. போன மாதம் யாரோ பின்சுவர் ஏறிக் குதித்துப் பின்கதவை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். செய்தி கேட்ட மகன், அங்கிருந்தே எல்லாவற்றையும் தன் போனில் பார்க்கும்படி கேமரா போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டான்.

"நான் தனியாத்தான் இருக்கேன்" என்று வீட்டம்மா பீரோவிடம் சொன்னார். அப்படிச் சொல்லும்போது, ஒரு கை அவர்கள் முன்னால் தேநீர் வைத்துக்கொண்டிருந்தது.

தனியாக இருக்கிற பெண் பயப்படுவதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் தனியாக இல்லை. தேநீர் வைத்த அந்தக் கைக்கு ஒரு முகம் இருந்தது. அந்த வீட்டில் அவரை அக்கா என்று கூப்பிட்டார்கள். வீட்டம்மா, மகன், பால் போடுகிறவர், குப்பை எடுக்கிறவர் என எல்லோருக்கும் அக்கா. மகன் தவழ்ந்த காலத்தில் வேலைக்கு வந்தவர். திருடன் வந்த அன்று பின்கதவில் சத்தம் கேட்டு எழுந்து, பாத்திரத்தைத் தட்டித் தெருவைக் கூட்டி விரட்டியவரும் அவர்தான். அப்படியும் கணக்குப் பார்க்கும்போது வீட்டில் ஒரே ஆள்தான் இருந்தார்.

கேமராக்களுக்கு இடம் பார்ப்பது சுலபமாக முடிந்தது. வாசல், மாடி, பக்கவாட்டுச் சந்து, பின்கதவை ஒட்டிய நடை. பெட்டிக்கு இடம் பார்ப்பதுதான் இழுத்தது. பீரோ முதலில் வீட்டம்மாவின் படுக்கையறை அலமாரியைக் காட்டினான். சத்தம் வருமா என்று கேட்டார். கொசு பாடுகிற மாதிரி லேசாக இருக்கும், ஒரு சின்ன விளக்கு மின்னும் என்றான். ஐயோ வேண்டாம், எனக்கு எறும்பு நடந்தாலே விழிப்பு வந்துவிடும் என்றார் அவர். அடுத்ததாக மகன் அறை. அங்கே கட்டிலுக்கு உறை போட்டு, புத்தகங்களுக்கு உறை போட்டு, நாற்காலிக்கும் உறை போட்டு வைத்திருந்தது. காற்றோட்டமான நல்ல அறை. அது அவன் ரூம், அவன் வரும்போது விட்டுப்போனது விட்டுப்போனபடியே இருக்க வேண்டும், வேறு எதுவும் அங்கே வரக்கூடாது என்று கதவைச் சாத்தினார். கடைசியில் அவராகவே ஒரு இடம் சொன்னார்.

"மாடிப்படிக்கு அடியில சும்மா ஒரு இடம் கெடக்கு. கதவு கூட இருக்கு. எந்தத் திருடனுக்கும் அங்க போய்ப் பாக்கத் தோணாது."

அந்தக் கதவுக்குப் போட என்று புதுத் தாழ்ப்பாளும் பூட்டும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார். பெட்டியை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட வேண்டும், சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பல்லி குனிந்து உள்ளே போனாள். குனிந்தால்தான் நுழைய முடியும். நுழைந்தபின் நிமிர முடியாது. மாடிப்படியின் அடிப்பக்கம் தலைமாட்டில் கொஞ்சம் உயரமாகத் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கால்மாட்டில் தரையைத் தொட்டது. ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், கயிற்றில் சில துணிகள். போட்டு வைக்கிற இடம் என்று நினைத்தாள். எல்லா வீட்டிலும் மாடிப்படிக்கு அடியில் அதுதானே இருக்கும். தகரப் பெட்டியைக் காலால் வெளியே தள்ளினாள். ஒயர் வருவதற்காக டிரில்லிங் மெஷினைச் சுவரில் வைத்து அழுத்தினாள். செங்கல் தூள் பொலபொலவென்று எல்லாவற்றின் மேலும் கொட்டியது. துளை அந்தப் பக்கம் போய்விட்டதைப் பார்த்துக்கொண்டு, வழக்கம்போலப் பாயை விரித்துப் படுத்தாள்.

"சாத்துங்க" என்றாள். பீரோ கதவைச் சாத்தினான்.

காற்று வந்தது. கதவிடுக்கில் ஒன்று, படிகளுக்கு இடையே இன்னொன்று என்று இரண்டு பக்கமும் வந்தது. வேர்க்கவில்லை. பெட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பெட்டியை எந்தப் படிக்குக் கீழே மாட்டலாம் என்று பார்க்கப் படுத்தபடியே டார்ச்சை மேலே அடித்தாள்.

முகத்துக்கு நேரே, படியின் அடிப்பக்கத்தில், கார் படங்கள் ஒட்டியிருந்தன. பிள்ளைகள் வாங்குகிற ஒட்டுப்படங்கள். கார், லாரி, யானை, மீசை வைத்த சூரியன். நிறம் போனவை. சில உதிர்ந்து, மறுபடி பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே பென்சிலில் கிறுக்கிய ஒரு படம்: பெரிதாக ஒரு பெண், சிறிதாக ஒரு பையன், இருவருக்கும் நடுவே ஒரு கோடு, கை கோத்திருக்கிறார்களாம். நின்று பார்த்தால் தெரியாது, குனிந்து பார்த்தாலும் தெரியாது. படுத்தால் மட்டும் தெரியும்.

பல்லி தலையைத் திருப்பினாள். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் சுவரில் ஒரு ஆணி. அதில் சீப்பு. ஆணிக்குக் கீழே ஒரு மருந்து டப்பா, ஒரு சின்னக் கண்ணாடி, மூடியில் தலைமுடி ஊசிகள். எழுந்திருக்காமலே எடுக்கும்படி ஒவ்வொன்றுக்கும் இடம் இருந்தது. ஒவ்வொன்றின் மேலும் இப்போது செங்கல் தூள் படிந்திருந்தது.

"காத்து வருதா?" என்றான் பீரோ வெளியிலிருந்து.

"வருது" என்றாள். "வந்து என்ன."

வெளியே வந்தபோது அக்கா நடையில் உட்கார்ந்து தகரப் பெட்டியின் மேல் இருந்த தூளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பல்லிக்கு முகம் சுண்டிப்போனது.

"உங்க இடமாக்கா?"

"என் இடம்னு என்ன இருக்கு. படுக்கிறது அங்க" என்று அக்கா சிரித்தார். இனிமேல் இந்த நடையில் படுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். காற்று வரும், கால் நீட்டலாம், பின்கதவுக்கும் காவலாக இருக்கும் என்று அம்மா சொன்னாராம். குறை சொல்கிற குரல் இல்லை அது. அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொல்கிற குரல். சொல்லிவிட்டு நிமிர்ந்து, நடைச் சுவரில் பல்லி முழுக்க முடுக்காமல் மாட்டி வைத்திருந்த கேமராவைப் பார்த்தார்.

"ஏம்மா, இது ராத்திரியிலயும் பாக்குமா?"

"பாக்கும்க்கா."

"லைட்ட அணைச்சிட்டா?"

"அணைச்சாலும் பாக்கும். இருட்டுல பாக்குறதுக்குன்னே இதுல தனியா ஒரு லைட் இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது."

"தம்பி போன்லயும் தெரியுமோ?"

"தெரியும்."

அக்கா துணியை மடித்தார். மடித்ததை மறுபடி விரித்து மடித்தார்.

"அப்ப நான் எங்கம்மா துணி மாத்துவேன்?"

நான் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அக்கா தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

*

பல்லி பீரோவைச் சந்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னாள். பெட்டியை அங்கே வைக்கமாட்டேன் என்றாள். அந்தத் தெருச் சங்கத்துக்கு வீட்டம்மாதான் தலைவர், இந்த வேலை அவருக்குப் பிடித்துவிட்டால் தெரு முழுக்க வேலை வரும் என்று பீரோ ஞாபகப்படுத்தினான். நமக்கு எதற்கு வம்பு என்றும் ஒரு பேச்சுக்குச் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, அப்படியென்றால் அங்கே காற்று வராது, பெட்டி சூடாகிவிடும் என்று சொல்லிவிடலாம் என்றான்.

"காத்து நல்லா வருது. பொய்யச் சொல்லி வச்சா, நாளைக்கு வேற எவனாவது வந்து, ஒரு ஃபேன் போட்டா போதும் மேடம்னு சொல்லி வச்சிட்டுப் போவான். அப்புறம் அக்காவுக்கு யாரு?"

இதைச் சொன்னவள் எந்தப் பெரிய புத்தகத்தையும் படித்ததில்லை. பொய்க் காரணம் சொல்லி வாங்கிய சலுகை பொய் உடைந்த அன்றே போய்விடும் என்பதைப் புரிந்துகொள்ளப் படிப்பு தேவையில்லை. கருணையாகக் கிடைத்ததைக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்பதை இந்த உலகத்தில் உழைத்துப் பிழைக்கிற அத்தனை பேரும் அனுபவத்தில் அறிவார்கள்.

அதனால் உள்ளே போய் நேராகவே சொன்னாள். அம்மா, அங்கே ஒருத்தர் படுக்கிறாங்க என்றாள்.

வீட்டம்மா பீரோவைப் பார்த்து, "உங்க வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். பல்லி பக்கத்தில்தான் நின்றாள்.

"அவங்க சொன்னதுதான் மேடம். அதேதான்" என்றான் பீரோ.

அது தெரியுமே, அதனால்தான் நடையில் இடம் கொடுத்திருக்கிறேன், அங்கே இன்னும் வசதி என்றார் வீட்டம்மா. நடையில் கேமரா இருக்கிறது என்று பல்லி சொன்னாள். இருந்தால் என்ன, அக்காவுக்கும் அது பாதுகாப்புத்தானே, எங்ககிட்ட ஒளிக்க அவங்களுக்கு என்ன இருக்கு, இத்தனை வருஷமா எங்க வீட்டு மனுஷி மாதிரி என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது முன்னறையில் உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டியவர் அவர். பொய்யில்லை. ஆனால் எல்லாம் அந்த 'மாதிரி'யில்தான் இருக்கிறது. வீட்டு மனுஷி என்றால் அறை கொடுத்திருப்பார்கள். வீட்டு மனுஷி மாதிரி என்றால் மாடிப்படியின் அடி. அதுவும் ஒரு பெட்டி வருகிற வரைக்கும். உலகத்தில் பாதி அநியாயத்தைக் கெட்டவர்கள் செய்வதில்லை. ஒரு நிமிஷம் யோசிக்காத நல்லவர்கள் செய்கிறார்கள்.

பேச்சு அதோடு முடிந்தது. முதலில் கேமரா எல்லாம் சரியாக இருக்கிறதா என்று காட்டுங்கள், பெட்டியை அப்புறம் பார்க்கலாம் என்றார் வீட்டம்மா.

பெட்டியைத் தற்காலிகமாக முன்னறையில் ஒரு முக்காலியில் வைத்து, வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்தார்கள். பெரிய தொலைக்காட்சி. வீட்டம்மா சோபாவில் உட்கார்ந்தார். பீரோ பக்கத்தில் நின்றான். முதலில் வாசல். தெரியுதா என்று குரல் வந்தது, தெரியுது என்றான். பிறகு மாடி. துணிக் கொடியும் தொட்டியும் பக்கத்து வீட்டுப் பூனையும் தெரிந்தன. வீட்டம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அட, அந்தப் பூனைதான் எங்க வீட்டுப் பாலைக் குடிக்கிறதா என்றார். சந்தும் தெரிந்தது. கடைசியில் நடை.

நடையில் பல்லி ஏணிமேல் நின்று கேமராவைப் பிடித்திருந்தாள். அளவு பார்க்க யாராவது கீழே நிற்க வேண்டும். அக்காவைக் கூப்பிட்டு, ராத்திரி எங்க இருப்பீங்களோ அங்க போய் இருங்கக்கா என்றாள். நின்று காட்டத்தான் சொன்னேன் என்று பிற்பாடு பீரோவிடம் சத்தியம் செய்தாள். பீரோ இன்றுவரை நம்பவில்லை.

சொன்னதை அப்படியே செய்து பழகியவர் அக்கா. பாயை எடுத்து வந்து விரித்தார். படுத்தார்.

தொலைக்காட்சியில் அது பெரிதாகத் தெரிந்தது. உச்சியிலிருந்து பார்க்கிற பார்வை. நீளமான நடை, நடுவில் ஒரு பாய், பாயில் ஒரு உடம்பு. கால் நீட்ட அங்கே தாராளமாக இடம் இருந்தது. இருந்தும் அக்கா முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, ஒரு மூட்டையைப் போலப் படுத்தார். மாடிப்படியின் அடி அவரை அப்படிப் பழக்கியிருந்தது. பிறகு கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்த துணியை இழுத்துவிட்டார். ஒருதரம் மேலே கேமராவைப் பார்த்தார். மறுபடி இழுத்துவிட்டார். போர்வையை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டார்.

"என்ன பண்றாங்க இவங்க?" என்றார் வீட்டம்மா.

"ராத்திரி எப்படித் தெரியும்னு காட்டுறாங்க மேடம்" என்றான் பீரோ.

"தெரியுதா?" என்று நடையிலிருந்து பல்லியின் குரல் வந்தது.

பீரோவுக்கு வாய்வரை வந்துவிட்டது அந்தச் சொல். அத்தனை வருஷப் பழக்கம். சொன்னால் அவள் முடுக்கிவிடுவாள். முடுக்கிவிட்டால் முடிந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டம்மாவைப் பார்த்தான்.

வீட்டம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா படுத்திருப்பதை அவர் பார்த்ததே இல்லை. அவர் எழுவதற்கு முன்னால் அக்கா எழுந்திருப்பார். அவர் உறங்கிய பின்னால்தான் படுப்பார். அக்கா என்றால் நிற்கிற ஆள், நடக்கிற ஆள், கேட்டதைக் கொண்டுவருகிற ஆள். மாடிப்படிக்கு அடியில் ஒரு முதுகு இப்படி வளைந்து கிடந்தது என்பதை அந்த வீட்டில் யாரும் பார்த்திருக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வந்து, துணி கணுக்காலை மூடியிருக்கிறதா என்று இன்னொரு தரம் தடவிப் பார்த்தது.

"அக்கா, எந்திரிங்க" என்றார் வீட்டம்மா. தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னார். நடையில் இருந்தவருக்கு அது கேட்கவில்லை.

"தெரியுதா?" என்று மறுபடி வந்தது குரல். பீரோ அசையவில்லை. ஏணிமேல் நிற்கிறவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க, தூங்கிட்டீங்களா? தெரியுதா இல்லையா?"

வீட்டம்மா எழுந்து நின்றார். அன்று காலையிலிருந்து முதல்முறையாக, நடுவில் பீரோவை வைக்காமல், நேராகப் பல்லிக்குப் பதில் சொன்னார்.

"தெரியுதும்மா. அது தெரிய வேணாம். திருப்பிடு."

*

நடைக் கேமரா கழன்று, பின்கதவுக்கு வெளியே போய், சுவரைப் பார்த்து நின்றது. திருடன் வருவது அந்தச் சுவர் வழியாகத்தான் என்பதால் அதற்கும் அதுதான் நியாயமான இடம். பெட்டிக்காக வீட்டம்மா மகன் அறையைத் தானே திறந்துவிட்டார். எழுதுமேசைக்கும் ஜன்னல் சுவருக்கும் இடையே ஒடுக்கமான ஒரு அலமாரி இருந்தது. பல்லி அதற்குள்ளும் தலையைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினாள். பையன் வந்தால் சத்தம் வருகிறது என்பானே என்று வீட்டம்மா முனகினார். வந்தா பாத்துக்கலாம் மேடம் என்றான் பீரோ. அந்த 'வந்தா' அவருக்கு எங்கேயோ பட்டிருக்க வேண்டும். கட்டில் உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு வெளியே போனார்.

ஆக, காலியாகக் கிடந்த நல்ல அறைக்கு ஒரு பெட்டி குடிவந்தது. மனுஷி பழைய இடத்துக்கே திரும்பினார். இதை நியாயம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பெட்டியைப் படிக்கு அடியில் வைத்து அக்காவுக்கு அந்த அறையைக் கொடுத்திருந்தால் அது நியாயம். அன்று அது யார் வாயிலும் வரவில்லை; பல்லி வாயிலும்தான். அவளுக்கு அது தோன்றியது என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் பீரோவிடம் சொன்னாள். சொல்லியிருக்கலாமே என்றான் அவன். ஒரே நாளில் எத்தனை ஸ்க்ரூதான் முடுக்குறது என்றாள்.

ஆனால் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தாள். தான் போட்ட துளையைச் சிமெண்ட் குழைத்து அடைத்தாள். படிக்கு அடியில் இருந்த தூளைத் தானே கூட்டினாள். சீப்பையும் டப்பாவையும் கண்ணாடியையும் துடைத்து, படுத்துப் பார்த்து, கை எட்டுகிற இடத்தில் முன்பு இருந்தபடியே வைத்தாள். அப்புறம் முன்னறைக்கு வந்து, மேசைமேல் கிடந்த புதுத் தாழ்ப்பாளை எடுத்தாள்.

"இத மாட்டிடட்டுமா அம்மா?"

"இனிமே அது எதுக்கு? பெட்டிதான் அங்க இல்லையே."

"கதவு இருக்குல்ல. உள்பக்கம் போடுறேன்."

வீட்டம்மா தாழ்ப்பாளைப் பார்த்தார். அந்தக் கதவுக்கு இத்தனை வருஷமாகத் தாழ்ப்பாள் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ. போடு என்றார். பூட்டை எடுத்து இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

உள்ளே உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கக் கை வீச இடம் இல்லை. பல்லி படுத்துக்கொண்டே, கார்களையும் மீசைச் சூரியனையும் பார்த்தபடி முடுக்கினாள். வெளியே வந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

அக்கா குனிந்து உள்ளே போனார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடி விழுந்தது. மறுபடி திறந்தது. புதுப் பொம்மை கிடைத்த பிள்ளையைப் போல அவர் அதைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார். பீரோ ஏணியை மடித்துத் தோளில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். கடைசியாக ஒருமுறை தாழ்ப்பாள் அழுத்தமாக விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. அதில் சிரிப்பும் இருந்தது.

"தெரியுதா?"

பல்லி கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரியலக்கா" என்றாள்.